பாதி தெரிந்த மொழி: தற்கால யூதக் கலைஞர் சிலரின் படைப்புகளில் சொல்லும் எழுத்தும்

மியூனிக் நகரின் 'ஹவுஸ் டெர் குன்ஸ்ட்' என்னும் கலைக்கூடம் 1937இல் நாசி ஆட்சியினரால் திறக்கப்பட்டது. கலப்பற்ற ஜெர்மானியக் கலை எது என்பதை மக்களுக்குக் காட்டுவதே அக்கட்டடத்தின் நோக்கம். 2013இல் அதன் முகப்பில் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகளாலான நீண்ட பட்டி ஒன்று வைக்கப்பட்டது. கிபிட்சர், க்வெச்சர், நுட்னிக், நெபிஷ், மெஷுகெனர் எனத் தொடரும் அப்பட்டியில் வாக்கியம் எதுவும் இல்லை. சொற்கள் மட்டுமே உள்ளன. பிறர் ஆடும் ஆட்டத்தில் மூக்கை நுழைத்து யோசனை சொல்பவன், ஓயாமல் முணுமுணுப்பவன், தொணதொணப்பவன், ஒன்றுக்கும் உதவாத அப்பாவி, கிறுக்கன் என ஏறத்தாழப் பொருள்படும் இச்சொற்கள் இத்திஷ் மொழியில் ஒருவரையொருவர் ஏசவும் கேலி செய்யவும் வழங்குபவை. இதனைப் படைத்தவர் அமெரிக்க ஓவியர் மெல் பாக்னர் (1940–2025). கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவரின் மகன். படைப்பின் பெயர் 'இத்திஷின் இன்பங்கள்'. லியோ ராஸ்டன் 1968இல் வெளியிட்ட சொல்விளக்க நூலின் பெயரும் அதுவே.

யூதர்கள் அணிய வேண்டுமென்று நாசிகள் கட்டாயப்படுத்திய அடையாளத் துணியின் நிறம் மஞ்சள் என்பதைத் திறனாய்வாளர் பலரும் சுட்டுவர். அது சரியே. எனினும் நிறத்தைச் சுட்டியதோடு நின்றுவிட்டால் படைப்பின் பாதி விடுபட்டுப் போகும். இத்திஷ் எபிரேய எழுத்தில் எழுதப்படும் மொழி. பாக்னரோ உரோமன் எழுத்தைப் பயன்படுத்தினார். அதனால் தெருவில் செல்லும் ஜெர்மானியர் எவரும் அச்சொற்களை ஒலித்துப் பார்க்க முடிந்தது. சிலவற்றைப் பாதி புரிந்துகொள்ளவும் முடிந்திருக்கும். 'க்வெச்சர்' என்பதில் பிழிதலைக் குறிக்கும் ஜெர்மன் வினை தெளிவாகவே உள்ளது. 'கிபிட்சர்' ஜெர்மன் மொழியில் ஒரு பறவையின் பெயரோடு உறவுடையது. 'நுட்னிக்' என்பதன் அடியும் விகுதியும் சிலாவியம். 'மெஷுகெனர்' எபிரேய அடியில் பிறந்து ஜெர்மானிய விகுதி பெற்றது. ஜெர்மானியம், சிலாவியம், எபிரேயம் என இத்திஷின் மூன்று அடுக்குகளும் ஒரே வசைப்பட்டியலில் வந்துவிடுகின்றன. கலப்பின்மையைக் கொண்டாட எழுந்த சுவரில் கலப்பாலேயே உருவான ஒரு மொழியின் சொற்கள் தொங்கின. அவையும் சமயச் சடங்கிலோ உயர் இலக்கியத்திலோ வழங்கும் சொற்கள் அல்ல; அடுக்களையிலும் சீட்டாட்ட மேசையிலும் புழங்கியவை. பாக்னரின் பிற்காலச் சொல் ஓவியங்களுள் பல, இணைச்சொற்களைப் பளிச்சிடும் வண்ணத்தில் அடுக்குவதோடு நின்று, அலங்காரமாகவே எஞ்சிவிடுகின்றன. மியூனிக்கில் அவ்வாறு நேரவில்லை. அங்கே சொல்லுக்கு எதிராக ஒரு சுவர் இருந்தது.

யூதக் கலைஞரின் அடையாளத் தேடல் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை விளக்குத்தண்டு, ஆறுமுனை விண்மீன், தொழுகைப் போர்வை முதலிய குறியீடுகளைத் தேடிப் பட்டியலிடுகின்றன. மொழியை நோக்குவன சில. இன்றைய கலைஞரிடம் மரபுரிமை என்பது பெரும்பாலும் பாதி தெரிந்த ஒரு மொழியின் வடிவிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் 1 கோடிக்கும் மேற்பட்டோர் இத்திஷ் பேசினர். கொல்லப்பட்ட 60 இலட்சம் யூதருள் பெரும்பான்மையோரின் தாய்மொழி அது. அம்மொழி அழிந்துவிட்டதாகச் சிலர் எழுதுவது பிழை. நியூயார்க்கின் புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் ஹசிதிய சமயப் பிரிவினரின் குழந்தைகள் இன்றும் அதைப் பேசியே வளர்கின்றனர். ஆனால் அமெரிக்க நகர்ப்புறக் குடும்பங்கள் பலவற்றில் அது பிள்ளைகளுக்குப் புரியக் கூடாததைப் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் மொழியாகச் சுருங்கிற்று. பிள்ளைகள் பெற்றது இலக்கணத்தை அன்று. ஓசையையும் சில வசைச்சொற்களையும், பெற்றோரின் ஆங்கிலத்தில் அம்மொழி விட்டுச்சென்ற தழும்புகளையும்தான். இந்தக் குறையறிவை மறைக்காமல் அதையே பொருளாகக் கொண்ட படைப்புகளே தேறியவை. அவற்றை வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்வோர் குறையை நிரப்பிவிடும்போது படைப்பும் கெடுகிறது. மொழிபெயர்ப்பாளரின் கவனத்துக்கு இது முதன்மையாக உரியது.

தந்தையின் ஆங்கிலம்

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' இதற்குத் தலைசிறந்த சான்று. 1980 முதல் 'ரா' என்னும் இதழில் தொடராக வந்த இப்படக்கதை 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக நூலுருப் பெற்று 1992இல் புலிட்சர் சிறப்பு விருதைப் பெற்றது. போலந்திலிருந்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர் தப்பிய தந்தை விளாதெக், நியூயார்க்கில் தம் மகனுக்கு வாழ்க்கையைச் சொல்கிறார். மகன் அதை ஒலிநாடாவில் பதிந்து வரைகிறான். யூதர் எலிகளாகவும் ஜெர்மானியர் பூனைகளாகவும் போலந்தியர் பன்றிகளாகவும் வரையப்பட்டிருப்பதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். போலிஷ் மொழிபெயர்ப்பு 2001இல் வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பும் பன்றி உருவத்தைப் பற்றியதே. 2022இல் அமெரிக்காவின் டென்னிசி மாநிலத்தில் ஒரு மாவட்டப் பள்ளிக் குழு இந்நூலைப் பாடத்திலிருந்து நீக்கியபோது, எழுந்த விவாதம் வசைச்சொற்களையும் ஓர் ஆடையற்ற உருவத்தையும் பற்றியதாயிற்று. விளாதெக்கின் மொழி இவ்விவாதங்களில் இடம்பெறவில்லை.

நூலின் பெயரே ஒரு மொழிச் சிக்கலைக் கொண்டது. ஆங்கில நூலுக்கு எலியைக் குறிக்கும் ஜெர்மன் சொல் பெயராக இடப்பட்டது. ஜெர்மன் மொழியில் 'மௌஷெல்ன்' என்றொரு வினையும் உண்டு. யூதர் பேசும் ஜெர்மனை இழிவாகச் சுட்டப் பிறந்தது. மோசே என்னும் பெயரின் யூத ஒலிப்பிலிருந்து அது வந்ததாகக் கொள்வர். எலிக்கும் அதற்கும் சொற்பிறப்பு உறவு இல்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே உண்டு. ஆயினும் எலி உருக்கொண்ட ஒருவர் பிறர் மொழியைச் 'சிதைத்து'ப் பேசும் நூலுக்கு இந்த ஒலி ஒற்றுமை தற்செயலாகப் படவில்லை.

விளாதெக்கின் ஆங்கிலம் பிழை மலிந்தது. சொல்வரிசை இத்திஷ் வழியில் செல்லும், முன்னிடைச்சொற்கள் இடம் மாறும், துணைவினை விடுபடும், காலம் வழுவும். ஆனால் இப்பிழை நூல் முழுவதும் பரவியதன்று. நியூயார்க்கில் மகனுடன் பேசும்போதும், பழங்காலக் காட்சிகளுக்கு மேலே கட்டத்தில் வரும் எடுத்துரைப்பிலும் மட்டுமே அது வருகிறது. அக்காட்சிகளுக்குள் இளைஞர் விளாதெக் மனைவியோடும் மாமனாரோடும் பேசும் பேச்சு வழுவற்ற இயல்பான ஆங்கிலம். அங்கே அவர் பேசுவது போலிஷ் அல்லது இத்திஷ். அதாவது அவர் முழுமையாக ஆண்ட மொழி. வாசகர் ஒரே பக்கத்தில் ஒரே மனிதரை இரு நிலையில் கேட்கிறார். இழப்பின் அளவைப் படங்கள் சொல்வதற்கு முன்பே இலக்கணம் சொல்லிவிடுகிறது.

இதற்கு மேலும் ஒரு மடிப்பு உண்டு. ஆஷ்விட்ஸில் விளாதெக் உயிர் பிழைக்க உதவியவற்றுள் ஒன்று அவர் அறிந்த சிறிதளவு ஆங்கிலம். போரில் நேச நாடுகள் வெல்லக்கூடும் என எண்ணிய போலந்துக் கண்காணி ஒருவன் ஆங்கிலம் கற்க விரும்புகிறான். கற்பிப்பவருக்கு உணவும் உடலுக்குப் பொருந்தும் உடையும் காலணியும் கிடைக்கின்றன. பின்னர் டாக்கவ் முகாமில் பிரெஞ்சுக்காரர் ஒருவரோடு நட்பு ஏற்படுவதும் ஆங்கிலத்தாலேயே. முகாமில் உயிரைக் காத்த அதே மொழி, அமெரிக்காவில் அவரை வாயைத் திறந்தவுடன் அயலாராகக் காட்டிக்கொடுக்கிறது. இத்தொடர்பை நூல் எங்கும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பிழையைத் திருத்திவிடும் மொழிபெயர்ப்பில் இத்தொடர்பு தடயமின்றி மறைந்துவிடும்.

தமிழில் இதை எவ்வாறு செய்வது? முதலில் தோன்றும் வழி சொல்வரிசையை மாற்றுவது. அது பயன்படாது. தமிழில் சொற்கள் இடம் பெயர்ந்தால் பிழை தோன்றுவதில்லை, அழுத்தமே தோன்றும். 'கொடுத்தேன் நான் கடிகாரத்தை' என்பது அயலார் பேச்சாக ஒலிக்காமல் கவிதையாகவோ மேடைப் பேச்சாகவோ ஒலிக்கிறது. இரண்டாவது வழி ஒரு வட்டார வழக்கை ஏற்றுவது. அவ்வழக்கைப் பேசுவோர் தம் மொழியைப் பிழையின்றிப் பேசுகின்றனர். அவர்கள் பேச்சைப் பிழைக்கு ஈடாக வைப்பது மொழியியல் நோக்கில் தவறு, அறமும் ஆகாது. மூன்றாவது வழி தமிழ்த் திரைப்படம் ஏற்கெனவே செய்து வைத்திருப்பது. அடகுக் கடைச் சேட்டு 'நம்பள்', 'நிம்பள்' எனப் பேசி அவையோரைச் சிரிக்க வைக்கும் மரபு அது. எல்லாவற்றினும் தீங்கானது இவ்வழியே. பணத்தில் கண்ணாயிருக்கும் வேற்றினத்தான் என்ற ஏளனம் அப்பேச்சில் ஊறியிருக்கிறது. விளாதெக்கும் தீக்குச்சியைக்கூட எண்ணிச் செலவிடும் கஞ்சர். யூதரைப் பற்றிய பழைய கேலிச்சித்திரத்தோடு தம் தந்தை ஒத்துப்போய்விடுவாரோ என்னும் அச்சம் மகனுக்கு நூலுக்குள்ளேயே உண்டு. சேட்டுத் தமிழில் அவரைப் பேசவைத்தால் அந்த அச்சம் மெய்யாகிவிடும்.

எஞ்சுவது தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே அயலார் இடறும் இடங்களைக் கண்டறிவது. நான்காம் வேற்றுமை ஏற்கும் அனுபவ எழுவாய் அவற்றுள் முதன்மையானது. 'எனக்குத் தெரியும்' என்பதற்கு 'நான் தெரியும்' என்றும், 'எனக்கு வேண்டும்' என்பதற்கு 'நான் வேண்டும்' என்றும் ஒருவர் சொன்னால், அவர் எவ்வூரார் என்று தெரியாவிடினும் தமிழ் அவருக்குப் பிந்தி வந்த மொழி என்பது உடனே தெரியும். உயர்திணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு தொகுவது இன்னொன்று. 'கடிகாரம் கொடுத்தேன்' எனல் இயல்பு; 'மனைவி பார்த்தேன்' எனல் எவ்வழக்கிலும் இல்லை. 'அவர்கள் வந்தது' போன்ற இயைபு வழுவையும் அளவோடு சேர்க்கலாம். இவை எந்தச் சாதியையும் ஊரையும் சுட்டாதவை. பிரெஞ்சில் 'மௌஸ்' நூலை மொழிபெயர்த்த ஜூடித் எர்டலுக்கு, இத்திஷ் பேசும் குடியேறிகளின் பிரெஞ்சு என்னும் உண்மையான பேச்சே பாரிசில் கிடைத்தது. அத்தகைய பேச்சுச் சமூகம் தமிழில் இல்லை; ஆகவே செயற்கையாக அமைத்தாக வேண்டும்.

இரட்டை வழக்கு இதனினும் கடினம். பழங்காலக் காட்சிகளில் விளாதெக் இயல்பாகப் பேச வேண்டும். எழுத்துத் தமிழில் பேசினால் அவர் நாடகப் பாத்திரமாவார். பேச்சுத் தமிழில் பேசினால் எவ்வூர்ப் பேச்சு என்னும் கேள்வி எழும். படித்தவர் வட்டாரம் கடந்து பேசும் பொதுப் பேச்சுத் தமிழே ஏற்றது. முன்னிலைச் சொல்லும் இவ்வாறே. ஆங்கிலத்தில் தந்தையும் மகனும் ஒரே சொல்லால் ஒருவரையொருவர் விளிப்பர். மகன் தந்தையை 'நீங்கள்' என்றால் அவனது பொறுமையின்மை தணிந்து பண்புடைமையாகிவிடும்; 'நீ' என்றால் பல தமிழ் இல்லங்களில் அது நெருக்கமாகக் கேட்கும். மகன் 'நீங்கள்' என்று விளித்து வினைமுற்றில் மட்டும் சலிப்பைக் காட்டுவது பொருந்தலாம். தாயின் நாட்குறிப்புகளைத் தந்தை எரித்துவிட்டதை அறிந்து மகன் கொதிக்கும் இடத்தில் மட்டும் 'நீ' வெடிக்கலாம்.

அடிக்குறிப்பு தேவையென்று தோன்றும் ஓரிடம் உண்டு. முகாமில் விளாதெக்கின் கையில் பச்சை குத்தப்பட்ட எண் 175113. அதைக் கண்ட போலந்துப் பாதிரியார் ஒருவர், அதன் இலக்கங்களைக் கூட்டினால் 18 வருமென்றும், எபிரேயத்தில் அது 'உயிர்' என்னும் பொருளுடைய 'ஹாய்' என்ற சொல் என்றும் கூறி நம்பிக்கையூட்டுகிறார். எபிரேய எழுத்துகளே எண்களும் ஆகும். 'ஹெத்' எட்டு, 'யோத்' பத்து. ஆங்கில வாசகருக்கு இது விந்தை. தமிழருக்கு அன்று. 'அ' எட்டாகவும் 'ய' பத்தாகவும் ஓலைச்சுவடிகளில் நின்ற மொழி தமிழ். இவ்வொற்றுமைக்கு வரலாற்றுக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை. குறிப்பை நீட்டாமல் விடலாம் என்பதே இங்குப் பயன். கவனிக்க வேண்டியது வேறு: அந்த எபிரேயத்தைப் படித்துச் சொல்பவர் கத்தோலிக்கர். யூதரான மகனோ, 1968இல் தாய் இறந்தபோது நீத்தார் வழிபாட்டில் யூத மன்றாட்டைச் சொல்லாமல் திபெத்திய நூலிலிருந்து ஓதியதாகத் தன்னையே வரைந்திருக்கிறான்.

பெர்லின் சுவர்களில்

ஷிமோன் ஆட்டி 1957இல் பிறந்த அமெரிக்கர். 1991–92இல் பெர்லினின் ஷாயனென்ஃபியர்டல் பகுதியில், போருக்கு முன் அங்கு வாழ்ந்த யூதரின் கடைகளையும் தெருக்களையும் காட்டும் பழைய நிழற்படங்களை இரவு நேரங்களில் கட்டடச் சுவர்கள்மீது ஒளியாகப் பாய்ச்சினார். அவற்றுள் 1930ஆம் ஆண்டின் எபிரேயப் புத்தகக் கடை ஒன்றின் படம் பெரிதும் அறியப்பட்டது. தொகுதியின் பெயர் 'சுவரில் எழுத்து'. தானியேல் ஆகமத்தில் அரசனின் அரண்மனைச் சுவரில் எவராலும் படிக்க இயலாத எழுத்துத் தோன்றிய நிகழ்ச்சியை நினைவூட்டுவது. அங்குப் படித்துச் சொல்ல ஒரு தானியேல் இருந்தார். பெர்லினில் ஆட்டி அப்படி எவரையும் நிறுத்தவில்லை. ஒளியை அணைத்தால் எழுத்தும் போய்விடும். எஞ்சுவது நிழற்படத்தின் நிழற்படம். இங்கு மொழிபெயர்ப்புக்கு வேலையில்லை.

மராத்தி பேசிய யூதர்

ஐரோப்பிய யூதரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது இந்தியச் சூழலில் குறையாகும். பம்பாயில் 1960இல் பிறந்து ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குடியேறிய சியோனா பெஞ்சமின், கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் சமூகத்தைச் சேர்ந்தவர். எண்ணெய் ஆட்டுவது அச்சமூகத்தின் பழைய தொழில். சனிக்கிழமை செக்கோட்டாததால் 'சனிவார் தேலி' என அழைக்கப்பட்டனர். தாய்மொழி மராத்தி. குடும்பப் பெயர்களில் பல, ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்ந்து அமைந்தவை. 1874இல் புனேயில் அச்சான பாஸ்கா விழா நூல் எபிரேய மூலத்தையும் மராத்தி மொழிபெயர்ப்பையும் ஒருங்கே தந்தது. அதன் படங்களில் புளிப்பில்லா அப்பம் தயாரிக்கும் பெண்கள் சேலையுடுத்தித் தரையில் அமர்ந்திருக்கின்றனர். சொல்லோடு படத்தையும் மொழிபெயர்த்த நூல் அது. இந்திய மொழிபெயர்ப்பு வரலாற்றில் அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

சியோனா பெஞ்சமின் அந்த வழியில் வருகிறார். 'வீடு தேடல்' என்னும் நீண்ட வரிசையில் அவர் வரையும் பெண்கள் நீல நிறத்தினர். சிற்றோவிய மரபின் நுண்மையும் பொன்தாளும் அமெரிக்கப் படக்கதையின் தடித்த கோடும் ஒரே படத்தில் சேரும். நீலம் எந்நாட்டையும் சேராத வானின் நிறம், கடலின் நிறம் என்பது அவர் தரும் விளக்கம். இந்தியர் கண்ணுக்கு நீலமேனி கண்ணனும் காளியும் ஆகும். எந்நாட்டையும் சேராததாக அது தோன்றாது. அமெரிக்கப் பார்வையாளருக்கோ அது கீழ்த்திசைக் கவர்ச்சி. ஒரு குறி இரு மொழிகளில் எதிர்மாறாகப் படிக்கப்படுகிறது. சில படங்களில் எபிரேயக் குறிகளும் இந்தியக் குறிகளும் தாமரை, கை, விளக்கு என வெறும் அணியாக நெருக்கியடித்து நிற்கின்றன. அவ்விடங்களில் கலப்பு ஒரு சுமுகமான கண்காட்சியாகி, பாக்னரின் சுவரில் இருந்த உரசல் இல்லாமற் போகிறது.

2006ஆம் ஆண்டின் லிலித் ஓவியம் அவ்வாறன்று. யூத மரபுக் கதையில் ஆதாமுக்கு அடங்க மறுத்து வெளியேறிய முதற்பெண் லிலித். படக்கதைப் பாணியில், பேச்சுக் குமிழோடு வரையப்பட்ட அவள் பேசுவது ஆங்கிலம். ஆனால் அவள் இடம்பெறும் உள்வரிசையின் பெயர் 'ஃபெரெஷ்தே'. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்து பம்பாய்த் தெருக்களில் புழங்கும் அச்சொல்லுக்கு வானதூதர் என்று பொருள். வேதாகமப் பெண்களைச் சித்திரிக்கும் வரிசைக்கு எபிரேயச் சொல்லோ மராத்திச் சொல்லோ வைக்கப்படவில்லை. அண்டை வீட்டாரின் சொல் வைக்கப்பட்டது. கலைஞர் வளர்ந்த நகரில் அதுவும் அவருடைய சொல்தான்.

இவ்வோவிய வரிசையின் பெயரைத் தமிழில் எழுதுவோர் ஒலிபெயர்த்து விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கும். மொழிபெயர்க்க முற்பட்டால் தமிழிலும் அண்டை வீடுகள் உள்ளன என்பது தெரியவரும். புரொட்டஸ்டண்டு வேதாகமம் 'தேவதூதன்' என்கிறது. கத்தோலிக்கர் முன்பு 'சம்மனசு' என்றனர். பின்னர் 'வானதூதர்' என்றனர். தமிழ் முஸ்லிம்கள் 'மலக்கு' என்பர், பன்மையில் 'மலக்குமார்'. அரபியிலிருந்து வந்த இச்சொல்லும் எபிரேயத்தின் 'மலாஹ்' என்பதும் ஒரே அடியில் பிறந்தவை. யூதப் பெண் ஒருவர் உருதுச் சொல்லால் சுட்டியதற்குத் தமிழில் மிக நெருங்கிய எபிரேய உறவு காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வழங்கும் சொல்லில் இருக்கிறது. 'மலக்குமார்' என்று எழுதினால், அண்டை வீட்டுச் சொல்லைக் கலைஞர் எடுத்துக்கொண்ட செயலும் உடன் வந்துவிடும்.